கீழ்ப்படியாத கிளையாறு

அங்கோசா ஆறு, சிக்காரயா ஊருக்குச் சற்று மேலே, ஒரு மணல்திட்டில் மோதி இரண்டாகப் பிரிகிறது. இடக்கிளையில் மௌரி மீன்கள் வெள்ளை வயிற்றை வானத்துக்குக் காட்டி மிதந்தன. வலக்கிளையில் அதே மௌரி மீன்கள் கல்லுக்குக் கல் தாவிக் கொழுத்துத் திரிந்தன. ஒரே பனிமலையில் பிறந்த தண்ணீர்; ஒரே சுரங்கத்தின் வாசலைக் கடந்து வந்த தண்ணீர்; பிரிந்து ஒரு கூப்பிடு தூரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு கையில் சாவும் மறு கையில் வாழ்வும் எப்படி வந்து சேர்ந்தன?

நகராட்சிக்கு இதில் ஐயமே இல்லை. குற்றவாளி துந்தா என்று அது தீர்ப்பெழுதிவிட்டது. பனியில் உறைந்த கசப்பு உருளைக்கிழங்கை வலைச்சாக்கில் கட்டி, வைக்கோல் பரப்பிய குழியில், ஓடும் நீருக்கடியில் வாரக்கணக்கில் ஊறவைத்து, பிறகு காலால் மிதித்துத் தோலுரித்து உப்பைப் போல வெளுக்கக் காயவைப்பதுதான் துந்தா. அந்தக் கிழங்கின் கஞ்சித் தண்ணீர் ஆற்றை அழுகச் செய்கிறதாம்; மீனைக் கொல்கிறதாம்; ஆகவே ஊறல்குழிகளை மூட வேண்டுமாம். இடக்கரைக்காரர்கள் உத்தரவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மூடினார்கள். வலக்கரைப் பெண்கள் மூட மறுத்தார்கள். மறுத்தவர்களின் சாக்குகளைப் பிடுங்கி எறிவதற்கு இன்று பிற்பகல் காவலர் வண்டி வரப்போகிறது.

அந்தச் சாக்குகளில் கிடந்தது வெறும் கிழங்கன்று. வலக்கரையின் ஓராண்டுச் சோறு. இன்று அது பிடுங்கி எறியப்பட்டால், நாளை அந்தப் பெண்கள் தங்கள் ஆற்றிலேயே கால் வைக்க எவனிடமாவது கைகட்டி நிற்க வேண்டும்.

டெல்ஃபினா சம்பில்யா மணல்திட்டின் முனையில் நின்று இரண்டு கிளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பூனோ நகரில் துப்பறியும் அலுவலகம் நடத்துபவள், ஐம்பதைக் கடந்தவள், 'இந்த அம்மாளை உள்ளே விடாதே' என்று நிறுவனங்கள் தம் காவலாளிகளுக்குக் கட்டளையிடும் பெருமையை உழைத்து ஈட்டியவள். அவளை அழைத்து வந்தவள் பசிலியா இன்காகுட்டிப்பா. வலக்கரைப் பெண்களின் சங்கத் தலைவி. இருவருக்கும் பின்னால், தன் மூன்று சக்கர டாக்சியின் கூரையிலிருந்து ஓர் ஒலிபெருக்கியைக் கழற்றி அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான் வில்பெர் கதாகோரா. டெல்ஃபினாவின் உதவியாளன். வழியில் ஒரு பள்ளம் அந்த ஒலிபெருக்கியின் குரலைப் பறித்துவிட்டது. வில்பெரின் குரலைப் பறிக்கும் பள்ளம் இன்னும் தோண்டப்படவில்லை.

"இடப்பக்கம் மீன் எப்போலேர்ந்து சாகுது?" என்று டெல்ஃபினா கேட்டாள்.

"குழியை மூடின பிற்பாடுதான்," என்றாள் பசிலியா. மதிப்புக்குரிய பெண்களை அங்கே 'டோன்யா' என்றுதான் அழைப்பார்கள். "அது என் கொழுந்தன் ஃபெர்மின் பக்கம், டோன்யா. சர்க்கார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மொதோ ஆளா மூடினான். இப்போ எங்க கஞ்சிதான் தண்ணியை எதிர்த்துப் போயி அவன் மீனைக் கொல்லுதுங்கறான்."

"ஹெஃபா," என்றான் வில்பெர். தன் முதலாளியம்மாளை அவன் அப்படித்தான் அழைப்பான். "சொன்ன பேச்சைக் கேட்ட பக்கம் மீன் சாவுது. கேக்காத பக்கம் துள்ளுது. மேயருக்கு இது தெரிஞ்சா மீனுங்க மேலயும் கேஸ் போடுவாரு."

டெல்ஃபினா சிரிக்கவில்லை. அவன் விளையாட்டாய்ச் சொன்னதை அவள் வினையாய் எடுத்துக்கொண்டாள். கஞ்சி மீனைக் கொல்லும் என்றால் கஞ்சி ஓடும் கிளையில் அல்லவா மீன் சாக வேண்டும்? கஞ்சி இல்லாத கிளையில் சாகிறது என்றால், கஞ்சி கொலைகாரன் அல்லன், காவல்காரன். காவல்காரனைச் சிறையில் அடைத்துவிட்டுக் களவு போயிற்றே என்று கூக்குரலிடுகிற புத்திசாலிகளை இந்த நாடு எத்தனை நாற்காலிகளில் உட்கார்த்தி வைத்திருக்கிறது!

ஆனால், காவல்காரன் எந்தத் திருடனைத் தடுத்தான்? அதற்கு விடை குழிக்குள்தான் இருக்க வேண்டும். இந்தப் பருவத்துத் துந்தாவைக் காட்டும்படி அவள் கேட்டாள். பெண்கள் ஓடோடிப் போய்க் கை நிறைய அள்ளி வந்தார்கள். அத்தனையும் பால் வெள்ளை. ஒன்றிலும் ஒரு புள்ளியில்லை, ஒரு கீறலில்லை. ஆற்றில் கிடந்து காலில் மிதிபட்ட பொருள் இவ்வளவு குற்றமற்றதாக இருக்குமா? குற்றமே இல்லாத சாட்சியத்தைக் கண்டால் டெல்ஃபினாவுக்குக் குமட்டும்.

அவள் கிழங்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு, காயவைக்கும் களத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, வெறுங்காலோடு கிழங்கு மிதித்துக்கொண்டிருந்த பெண்களின் கால்களைப் பார்த்தாள். களத்து மண் சிவப்பு. கிழங்கு வெள்ளை. அவர்களின் குதிகால் வெடிப்புகள் மட்டும் விளக்குக் கரி பூசியதைப் போல் கறுத்திருந்தன.

"கறுத்துப்போன கிழங்கை எல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று அவள் அமைதியாகக் கேட்டாள்.

மிதித்த கால்கள் நின்றன. ஒருத்தி பாவாடையைத் தாழ்த்திக் குதிகாலை மறைத்தாள். இன்னொருத்தி ஆற்றைப் பார்த்தாள்.

அந்த மௌனத்தின் பொருள் சிக்காரயாவில் பிறந்தவர்களுக்குத்தான் விளங்கும். துந்தா கறுத்தால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டென்று அங்கே எல்லாரும் நம்புகிறார்கள். உறைந்த கிழங்கை விடியுமுன் வைக்கோலால் மூடாமல், வெயில் படவிட்டுத் தூங்கியவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதே அது. சந்தையில் ஒருத்தியின் பேரைக் கெடுக்க அந்த ஒரு சொல் போதும். ஆகவே கறுத்த கிழங்கைக் கண்டவள் ஒவ்வொருத்தியும் தன் பிழை என்று வெட்கினாள். பக்கத்து வீட்டுக்காரி அறியாமல் மூட்டை கட்டிப் படுக்கைக்கடியில் தள்ளினாள். வீட்டுக்குள்ளேயே சமைத்துத் தீர்த்தாள். எவனோ செய்த குற்றத்துக்குத் தன்னையே தண்டித்துக்கொள்ளும்படி ஏழைகளுக்கு எத்தனை அழகாகப் பாடம் சொல்லிவைத்திருக்கிறார்கள்!

பசிலியாதான் முதலில் வாய் திறந்தாள். "என் வீட்டுல இருக்கு. மூணு பருவமா இருக்கு."

அவ்வளவுதான். அணை உடைந்தது. எல்லார் வீட்டிலும் இருந்தது. ஒருத்தி இடுப்பில் கைவைத்துப் பசிலியாவின் முன்னால் வந்து நின்றாள். "அடியே, என் மருமகளை வெயில் காயற சோம்பேறின்னு சந்தையில வெச்சு சொன்னியே. உன் கட்டிலுக்கடியிலயும் அதே கதைதானா?"

"அதே கதைதான்டி. வா, வந்து தூக்கு" என்றாள் பசிலியா.

கறுத்த மூட்டைகள் வெளியே வந்தன. உதறிய சாக்குகளின் அடியிலிருந்து புகையைப் போல ஒரு தூசி எழுந்து, களத்தில் கிடந்த விரிப்பில் படிந்தது. வில்பெர் தன் ஒலிபெருக்கியை அந்த விரிப்பின் ஓரத்தில் வைத்துவிட்டு மூட்டை தூக்கப் போயிருந்தான். திரும்பி வந்து எடுத்தவன் அதைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"ஹெஃபா, நான் இன்னைக்கு ஷேவ் பண்ணிட்டேன். என் ஸ்பீக்கருக்கு மட்டும் எப்படித் தாடி மொளைச்சுது?"

ஒலிபெருக்கியின் முதுகிலிருந்த காந்தம் முழுவதும் கன்னங்கரேலென்று மயிர் சிலிர்த்து நின்றது.

டெல்ஃபினா அந்தத் தாடியை விரலால் தொட்டாள். ஆற்று மணலிலும் காந்தத்தில் ஒட்டும் கருந்துகள் உண்டு. அதை அவள் மறக்கவில்லை. ஆற்றில் சுரங்கத்துக்கு மேல்புறத்திலிருந்து ஒரு பிடி மணல் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் தேய்த்துப் பார்த்தாள். மணல் விரலில் நறநறத்தது. தாடியோ மைபோல வழுக்கி விரல்ரேகைக்குள் இறங்கியது. இது ஆறு அரைத்த பொடியல்ல. ஆலை அரைத்த பொடி.

பிறகு அவள் வில்பெரின் தலையைப் பார்த்தாள். தலையை அல்ல, தொப்பியை. சுரங்க நிறுவனம் தன் புதிய சுத்திகரிப்பு நிலையத்தைத் திறந்துவைத்த விழாவில் ஊருக்கே வாரி வழங்கிய தொப்பி அது. அன்று மேடையேறிய அதிகாரி என்ன முழங்கினார் என்று கேட்டாள். வில்பெருக்கு அந்த உரை மனப்பாடம். ஒலிபெருக்கி வாடகைக்குப் போயிருந்தவன் அவன்தான். புகையைவிட நுண்ணிய இரும்புப் பொடியைச் சுரங்கத் தண்ணீரில் தூவுவார்களாம். அது ஈயத்தையும் காட்மியத்தையும் தேடிப்போய்க் கட்டிக்கொள்ளுமாம். பிறகு பெரிய காந்தங்கள் அந்தப் பொடியை இழுத்து எடுத்துவிட, தாய்ப்பாலைப் போன்ற தண்ணீர் ஆற்றில் இறங்குமாம்.

"அந்தக் காந்தம் வேலை செய்யலைன்னா?" என்றாள் டெல்ஃபினா.

வில்பெர் தொப்பியைக் கழற்றிப் பார்த்தான். "திருடனைப் புடிச்சு போலீஸ் வண்டியில ஏத்தி, வண்டியைக் கொண்டுபோய் ஜெயில்ல விடாம, நேரா நம்ம ஊருக்குள்ள விட்ட மாதிரி ஆயிடும், ஹெஃபா."

டெல்ஃபினா வலக்கிளையின் குழியொன்றில் கைவிட்டு அடி வைக்கோலை அள்ளினாள். கறுப்புக் குழம்பு வழிந்தது. அவள் முகம் மாறியது. கண்டுபிடித்த களிப்பு ஒரு கணம் வந்து, அடுத்த கணமே அணைந்தது. பசிலியா என்னவென்று கேட்டாள். வண்டி வருமுன் நடக்கும் நகராட்சிக் கூட்டத்தில் சொல்கிறேன் என்று மட்டும் டெல்ஃபினா சொன்னாள். பிறகு, கூட்டத்தில் அப்தாபி உண்டா என்று விசாரித்தாள். எல்லாரும் தத்தம் வீட்டுச் சோற்றை ஒரே துணியில் கொட்டி உண்ணாமல் சிக்காரயாவில் எந்தக் கூட்டம் நடந்திருக்கிறது?

"வெள்ளையோட கறுப்பையும் கொட்டுங்க. விருந்தாளி எடுக்கற வரைக்கும் நம்ம ஆளு யாரும் கை வெக்கக் கூடாது. எடுத்தாலும் வெக்கக் கூடாது" என்றாள் டெல்ஃபினா.

நகராட்சி முற்றத்தில் மேயர் இருந்தார். காவல் சார்ஜென்ட் இருந்தார். இடக்கரையின் ஃபெர்மின் தன் ஆட்களோடு இருந்தான். நிறுவனத்தின் சார்பில் எஞ்சினியர் ரென்சோ வெலார்தே வந்திருந்தார். நல்லவர் என்று பேரெடுத்தவர். லீமாவிலிருந்து வந்தவராயினும் தரையில் சம்மணமிட்டு உட்கார்வார். அப்தாபியில் துந்தாவைப் பாலாடைக்கட்டியோடு ரசித்துத் தின்பார். அதற்காகவே ஊர் அவரை நம்பியது.

நீண்ட துணி விரிந்தது. அவித்த மொச்சை, பாலாடைக்கட்டி, வறுத்த மீன், வெள்ளைத் துந்தா, கறுத்த துந்தா. விருந்தாளி முதலில் எடுக்க வேண்டும். வெலார்தே மொச்சையை எடுத்தார். பாலாடைக்கட்டியை எடுத்தார். அவர் கை துந்தாவின் மேலாகப் பறந்து மீனுக்குப் போனது. மீன் எந்தக் கிளையில் பிடித்தது என்று அவர் கேட்டார். இடக்கிளை என்று பதில் வந்ததும் கை அதையும் விட்டுவிட்டுத் திரும்பியது.

டெல்ஃபினா அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துந்தா எடுக்கவில்லையே என்று அவள் உபசரித்தாள். வயிறு சரியில்லை என்றார் அவர். பாலாடைக்கட்டிக்கு இடம் கொடுத்த வயிறு கிழங்கைக் கண்டதும் கதவைச் சாத்துகிறதே என்று வில்பெர் வியந்தான். சிலர் சிரித்தார்கள். மேயர் சிரிக்கவில்லை, அவரும் துந்தாவை எடுக்கவில்லை என்பதை அப்போதுதான் ஊர் கவனித்தது.

"கிழங்கு மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாது, கஞ்சி மீனுக்குத்தான் ஆகாதுன்னு மேயரோட உத்தரவு சொல்லுது," என்றாள் டெல்ஃபினா. "அப்போ ஒரு கிழங்கு தின்னுங்க, எஞ்சினியர். கறுப்புல ஒண்ணு."

வெலார்தே கறுப்பெல்லாம் ஆற்று மணல் என்றார். அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள். இரண்டு கண்ணாடிக் குவளைகளைத் துணியின் நடுவில் வைத்தாள். முதல் குவளையில் சுரங்கத்துக்கு மேலே எடுத்த மணலும் நீரும். கலக்கியதும் மணல் சடசடவென்று அடியில் இறங்கியது. இரண்டாவதில் இடக்கிளையின் தண்ணீர்; மெல்லிய தேநீர் நிறம்; எவ்வளவு நேரமானாலும் எதுவும் இறங்கவில்லை. வில்பெர் ஒலிபெருக்கியின் காந்தத்தை அந்தக் குவளையின் விலாவில் ஒட்டிவைத்தான். தண்ணீருக்குள் மெள்ள மெள்ள ஒரு கறுப்பு விளிம்பு கூடி, கண்ணாடியில் பட்டையாய்ப் படர்ந்தது.

"தண்ணிக்கு மீசை வந்துடுச்சு, எஞ்சினியர். வயசுக்கு வந்துடுச்சு. இனி கேள்வி கேக்கும்" என்றான் வில்பெர்.

வெலார்தே குவளையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பொய் சொல்லிப் பழகாத மனிதர். அதனால்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். காந்தங்கள் இழுத்தெடுத்த சேற்றைக் கொட்டுவதற்கு இடம் கிடைக்கவில்லை என்றார். அனுமதி வரும்வரை காந்தங்களை நிறுத்திவைக்கும்படி மேலிடம் சொல்லிவிட்டது என்றார். பொடி ஆற்றின் அடியில் தங்கிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம் என்றார்.

தங்கவில்லை. ஏன் தங்கவில்லை என்பதை டெல்ஃபினா எழுந்து நின்று ஊருக்குச் சொன்னாள். அந்தப் பொடி நீரில் மிதந்து போகும். மீனின் செவுளுக்குள் நுழையும், வயிற்றுக்குள் இறங்கும். வயிற்றின் புளிப்புப் பட்டதும் தான் சுமந்து வந்த ஈயத்தை அங்கே இறக்கிவைக்கும். இடக்கிளையில் நடந்தது அது. வலக்கிளையில் கிழங்கின் கஞ்சி அந்தப் பொடியைச் சுற்றிக்கொண்டது. கட்டி கட்டியாய்ச் சேர்த்துக் குழியின் வைக்கோலில் அமிழ்த்திவிட்டது. கொலைகாரன் என்று நீங்கள் விலங்கு பூட்ட வந்தது, இந்த ஆற்றில் இதுவரை காவல் நின்ற ஒரே ஆளை.

ஃபெர்மின் தலை கவிழ்ந்தான். வலக்கரைப் பெண்கள் நிமிர்ந்தார்கள். ஆனால் பசிலியா நிமிரவில்லை. அவள் துணியின் மேலிருந்த கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வைக்கோல்ல அமிழ்ந்துச்சுன்னா," என்றாள், "அந்த வைக்கோல் மேலதானே எங்க துந்தா கிடக்குது?"

டெல்ஃபினா காலையிலிருந்து அஞ்சிய கேள்வி இதுதான். "ஆமா, டோன்யா பசிலியா. மீனுக்கு வர வேண்டியதை உங்க கிழங்கு வாங்கிக்கிச்சு."

வெற்றி வந்த வாசலிலேயே தோல்வியும் வந்து நின்றது. அப்போதுதான் வெலார்தேவுக்குத் தன் குரல் திரும்பக் கிடைத்தது. பசிலியாவிடம் தனியாகப் பேச விரும்பினார். எதுவானாலும் எல்லார் முன்னாலும் பேசும்படி அவள் சொன்னாள்.

அவர் பேசியது இதுதான். உத்தரவு இப்போதே திரும்பப் பெறப்படும். வலக்கரையும் இடக்கரையும் இந்தப் பருவமும் இனிவரும் பருவங்களும் ஊறப்போட்டுக்கொள்ளலாம். காந்தத்தைப் பற்றி யாரும் பேச வேண்டாம். பேசினால் நிறுவனம் அபராதம் கட்டும், பிழைத்துக்கொள்ளும். சிக்காரயாவின் துந்தாவில் ஈயம் என்ற சொல் பூனோ சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால் இந்த ஊர் பிழைக்குமா?

மேயர் இது நியாயமான யோசனை என்றார். சில பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரைக் குறை சொல்வது? ஓராண்டுச் சோறு ஒரு தட்டில். ஒரு சொல் மறு தட்டில். அடிமைப்படுத்துகிறவன் எப்போதும் சாட்டையோடு வருவதில்லை. சில வேளைகளில் நீ கேட்டதையே தட்டில் வைத்து நீட்டுகிறான், உன் நாக்கை மட்டும் விலையாகக் கேட்கிறான்.

பசிலியா ஒரு கறுத்த கிழங்கைக் கையில் எடுத்தாள்.

"நீங்க சொல்றது நெசம்தான், எஞ்சினியர். வெளிய தெரிஞ்சா இதை நாய்கூட மோந்து பாக்காது. தெரியலைன்னா எவளோ ஒருத்தி வாங்கிட்டுப் போயி புள்ளைக்கு மசிச்சுக் குடுப்பா. இத்தனை நாளா வெயில்தான் காரணம்னு நான் என்னையே திட்டிக்கிட்டேன். இனிமே திட்டறதுக்கு எனக்கு வேற ஆளு கிடைச்சாச்சு."

அவள் கிழங்கைத் துணியில் வைக்கவில்லை. சார்ஜென்ட்டின் மேசையில், அவருடைய தாளின் மேல் வைத்தாள். இதையும் இந்தக் குவளையையும் டெல்ஃபினா பூனோவுக்கு அரசு வழக்கறிஞரிடம் கொண்டுபோகிறாள் என்றாள். சங்கத்தின் பெயரால் ஒரு துந்தாகூட, வெள்ளையோ கறுப்போ, சோதித்துச் சொல்லும்வரை இந்தப் பருவத்தில் விற்பனைக்குப் போகாது என்றாள். ஒரு பெண் விசும்பினாள். யாரும் மறுக்கவில்லை.

"அப்போ சாக்கை எல்லாம் எடுத்துடலாமே?" என்றார் மேயர், பாதி நிம்மதியோடு.

"எடுக்க மாட்டோம். இன்னும் போடுவோம்."

அவள் நடந்தாள். பெண்கள் பின்தொடர்ந்தார்கள். வலக்கரைக்கு அல்ல, இடக்கரைக்கு. உறைந்து மூட்டை கட்டி மிச்சமிருந்த கிழங்கையெல்லாம் வில்பெரின் டாக்சியில் ஏற்றினார்கள், வண்டி முனகியது, வில்பெர் முதன்முறையாக ஒன்றும் சொல்லவில்லை. மூடப்பட்ட குழிகளின் ஓரத்தில் சாக்குகள் இறங்கின. காவலர் வண்டி குறுக்கே வந்து நின்றது. சார்ஜென்ட் இறங்கினார். மேயர் இன்னும் கையெழுத்தைத் திரும்பப் பெறவில்லை, உத்தரவு உயிரோடுதான் இருக்கிறது, குழி தோண்டினால் வழக்குப் பதிய வேண்டியிருக்கும் என்றார். சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது.

"பதிஞ்சுக்கோங்க," என்றாள் பசிலியா. "இந்த வருசம் நாங்க திங்கறதுக்கு ஊறப்போடலை. அவங்க காந்தத்தை ஓட்டற வரைக்கும் இந்த ஆறு சாகாம இருக்கணும்னு போடறோம். பசிலியா இன்காகுட்டிப்பா. முழுப் பேரையும் எழுதுங்க."

செருப்பைக் கழற்றினாள். பாவாடையை இடுப்பில் செருகினாள். பனி உருகிய தண்ணீர் முழங்காலைக் கடிக்க, தன் குடும்பத்தின் சோற்றைத் தோளில் சுமந்து ஆற்றில் இறங்கினாள். சார்ஜென்ட் எழுதினார். அடுத்தவள் இறங்கினாள், பேரைச் சொன்னாள், அவர் எழுதினார். அதற்கடுத்தவளும் சொன்னாள்.

கரையில் செத்த மீன்களுக்கு நடுவே ஃபெர்மின் நின்றுகொண்டிருந்தான். உத்தரவென்றால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஃபெர்மின். அவன் மண்வெட்டியை எடுத்து, தான் மூடிய குழியின் வாயைத் தானே திறந்தான். தண்ணீர் உள்ளே பாய்ந்தது. பிறகு சார்ஜென்ட்டிடம் வந்து, அவர் கேட்பதற்கு முன்பே, தன் பெயரைச் சொன்னான்.